அப்பா பெயரில் சிக்காதவர் அம்மா பெயரில் கிடைத்தார்

என் கணவரின் கொள்ளுத்தாத்தா யூதர், இன்று உக்ரைனில் இருக்கும் டெர்னோபிலில் பிறந்து நியூயார்க்கில் இறந்தவர். குடும்பப் பெயரை வைத்து எவ்வளவு துழாவியும் பிறப்புப் பதிவு சிக்கவில்லை, அதனால் கல்லறையிலிருந்து பின்னோக்கிப் போனேன்.

எபிரேயக் கல்லறைக் கற்களில் பெரும்பாலும் இறந்தவரின் அப்பா பெயரும் இருக்கும், அது பெரிய உதவி. இறந்த ஆண்டை எழுத்துகளாகத்தான் வெட்டியிருந்தார்கள், எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. மதிப்பைக் கூட்டினால் 679, அதாவது யூத ஆண்டு 5679 (முன்னால் வரும் ஐயாயிரத்தை விட்டுவிடுவது வழக்கம்). 679ஓடு 1240ஐச் சேர்த்தால் ஆங்கில ஆண்டு 1919. ஆனால் கல்லில் இருந்த யூத மாதம் கிஸ்லேவ், யூதப் புத்தாண்டு செப்டம்பர் வாக்கிலேயே பிறந்துவிடுவதால் ஒன்றைக் கழிக்க வேண்டும், ஆக 1918 நவம்பர் அல்லது டிசம்பர் தொடக்கம்.

அப்புறம் வேலை சுலபம். நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் இறப்புச் சான்றிதழ்களில் ஆளைப் பிடித்தேன், அதில் அவர் அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் இருந்தது. சரி, இதையும் பார்ப்போமே என்று பழைய யூதப் பதிவுகளைத் தேட உதவும் ஜே.ஆர்.ஐ. போலந்து தளத்தில் போட்டால், பிறப்புப் பதிவு வந்து நிற்கிறது!

ஆஸ்திரிய ஆட்சியில், டெர்னோபில் இருந்த கலீசியா பகுதியில், ரபி (யூத மதகுரு) நடத்திவைத்த கல்யாணத்தைச் சர்க்காரில் பதியாவிட்டால் அது கணக்கில் வராது, பிள்ளைகளை அம்மாவின் குடும்பப் பெயரில்தான் எழுதுவார்கள். என்ன அநியாயம்! பிறப்புப் பதிவின் குறிப்புக் கட்டத்தில் சில சமயம் அப்பா பெயர் இருக்கும். இதில் இருந்தது, கல்லில் உள்ள அதே பெயர்.

பெற்றோர் கல்யாணத்தைப் பிற்பாடு பதிந்திருந்தால் இளைய பிள்ளைகள் அப்பா பெயரில் இருக்கலாம், அதனால் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.