வலைப்பூக் கட்டுரையை வேறு தளங்களில் மறுபிரசுரம் செய்யும் முறை

வலைப்பூவில் எழுதும் கட்டுரையைத் தேடி வந்து படிப்பவர்கள் பெரும்பாலும் நம்மை முன்பே அறிந்தவர்கள்தாம். அதே கட்டுரை, அந்தப் பொருளில் ஆர்வமுள்ளவர்கள் ஏற்கெனவே கூடும் ஒரு தளத்தில் மறுபடியும் வெளிவந்தால், நம் பெயரையே கேட்டிராத பலரிடம் போய்ச் சேரும். ஆனால் மூலக் கட்டுரைக்குத் தாய்வீடு நம் வலைப்பூவே என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளாவிட்டால், உழைப்பு நம்முடையதாகவும் அடையாளம் பிறருடையதாகவும் ஆகிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏரி நீரையும் வண்டலையும் வெளியேற்றும் பழைய மதகு அமைப்பான குமிழித் தூம்பு பற்றி நான் எழுதிய கட்டுரையை ஓர் இணைய இதழ் கேட்டபோது, மகிழ்ச்சியில் தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லிவிட்டேன். வெளிவந்ததைப் பார்த்தால், நீரோடித் துளையையும் அதற்குக் கீழே வண்டல் வெளியேறும் சேறோடித் துளையையும் அம்புக்குறியிட்டுக் காட்டிய என் படத்தின் இடத்தில் ஏதோ ஓர் அணையின் படம் இருந்தது. கட்டுரையின் அடியில் ‘நன்றி: இணையம்’ என்ற ஒரே வரி, என் பக்கத்துக்குப் போகும் சுட்டி (லிங்க்) இல்லை. சில வாரங்களில் கூகுள் தேடலில் அந்தப் பிரதியே முதலில் வந்தது.

ஆகவே முதல் வேலை, எதைக் கொடுப்பது என்று தீர்மானிப்பது. அன்றாடச் செய்தியை ஒட்டிய குறிப்புகளை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்தும் பயன் தரக்கூடிய, நம் தளத்தில் வாசகர்கள் நின்று படித்த கட்டுரைகளை எடுங்கள். தமிழ் இணைய இதழ்கள் பல, வேறெங்கும் வெளிவராத படைப்புகளையே கேட்கின்றன. முகநூல் பதிவையும்கூட வெளிவந்ததாகக் கருதும் இதழ்கள் உண்டு. மறைத்து அனுப்பாமல், இது இன்ன நாளில் என் வலைப்பூவில் வெளியானது என்று மின்னஞ்சலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. மறுத்தால், அதே பொருளில் அவர்களுக்கென்று புதிதாக எழுதித் தந்து, பழைய கட்டுரைக்கு அதற்குள் சுட்டி கொடுக்கலாம்.

சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, உரிமையை மாற்றித் தருவதற்கு எழுத்து ஆவணம் தேவை. காலம் குறிப்பிடாமல் விட்டால் ஐந்தாண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. எனவே உரிமையை மாற்றித் தராமல், ‘ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதிக்கிறேன், பதிப்புரிமை என்னிடமே இருக்கும், தலைப்பையோ படங்களையோ என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது’ என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். சில நிபந்தனைகளோடு யாரும் எடுத்து வெளியிடலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவோருக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து மிச்சம். ஆனால் ஒருமுறை அவ்வுரிமத்தில் பெற்றவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது என்பதை யோசித்துவிட்டே அதில் இறங்க வேண்டும்.

அடுத்தது சுட்டி. அதைக் கட்டுரையின் அடியில் வைத்தால் பாதியில் நிறுத்துபவர் காணமாட்டார்; ஆசிரியர் பெயருக்குக் கீழேயே ‘இக்கட்டுரை முதலில் இந்த வலைப்பூவில் வெளியானது’ என்று, முகப்புப் பக்கத்துக்கு அல்லாமல் அந்தக் கட்டுரைக்கே போகும் சுட்டியுடன் வரச் செய்யுங்கள்.

தேடுபொறி விஷயத்தில் பலருக்கும் தேவையற்ற அச்சம் இருக்கிறது. ஒரே கட்டுரை இரண்டு இடங்களில் இருப்பதற்காக மட்டும் கூகுள் தண்டிப்பதில்லை. இரண்டில் ஒன்றை மூலமாகத் தேர்ந்து காட்டுகிறது, அவ்வளவுதான். தேர்வு நம் பக்கம் விழச் செய்வதே நம் வேலை. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009-இல் ஏற்ற ‘கேனானிக்கல்’ குறி, மூலப் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்கிறது. ஆனால் அது கட்டளையன்று, குறிப்பு மட்டுமே; மறுபிரசுரத்துக்கு அதை நம்ப வேண்டாம் என்று 2023-இல் தன் வழிகாட்டலைத் திருத்திய கூகுள், பிரதியை வெளியிடும் தளம், அந்தப் பக்கத்தைத் தேடலில் காட்ட வேண்டாம் என்று சொல்லும் ‘நோஇண்டெக்ஸ்’ குறி இடுவதையே பரிந்துரைக்கிறது. பெரிய தளங்கள் இதற்கு எளிதில் இசைய மாட்டா. குறைந்தது கேனானிக்கலையாவது கேளுங்கள். எதுவானாலும், நம் பக்கம் கூகுள் தேடலில் பதிவாகிவிட்டதை, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் உறுதி செய்த பிறகே பிரதியை அனுப்புங்கள். நாமே கட்டுரையை ஏற்றும் தளங்களில் மீடியம் (Medium) வசதியானது; வேறு தளத்திலுள்ள கட்டுரையை எடுத்துவரும் அதன் ‘இம்போர்ட்’ வழியாகக் கொண்டுவந்தால் கேனானிக்கல் குறி தானாகவே நம் பக்கத்தைச் சுட்டும். வெட்டி ஒட்டினால் அந்தக் குறியை அமைப்புகளில் நாமே இட வேண்டும்.

அனுப்பும் முன் கட்டுரையைப் புதிய வாசகரின் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். ‘போன பதிவில் சொன்னதுபோல’ என்பது அங்கே பொருளற்றது. வழக்கமான வாசகர்களுக்குத் தெரிந்த சொல்லை அங்கே விளக்க வேண்டியிருக்கும். குமிழித் தூம்பு என்றால் என்னவென்று நான் இரண்டு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

வெளியான அன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து பெயர், சுட்டி, படங்கள், பத்திப் பிரிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பின்னூட்டங்களுக்கு அங்கேயே பதில் எழுதுங்கள். எந்தத் தளத்தில் எது எப்போது வெளியானது என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், அதே நாளில் எந்தெந்த ஆசிரியர்களுக்கு எழுத வேண்டும் என்பதை அந்த அட்டவணையே சொல்லும்.