அறிவுக் கோட்பாடுகளையும் இயற்பியலையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறுபடியும் அதே அட்டவணை. இந்த மாதம் மூன்று மாணவர் கட்டுரைகளைத் திருத்தினேன். மூன்றிலும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பகுத்தறிவுவாதம் (அறிவுக்குச் சிந்தனையே அடிப்படை என்பது), டெக்கார்ட், லைப்னிட்ஸ், கோட்பாட்டு இயற்பியல். வலப்பக்கம் அனுபவவாதம் (புலன் அனுபவமே அடிப்படை என்பது), லாக், ஹியூம், சோதனை இயற்பியல். சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். ஒரு காலத்தில் நானும் போட்ட அட்டவணைதானே. வருடத்தை மாற்றி எழுதுவது, பெயரில் பிழை விடுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடுவில் கோடு போடுவது

அந்தக் கோட்டை நம்பி நாற்பது பக்கம் எழுதினேன். என் வழிகாட்டி முதல் பக்கத்தின் ஓரத்தில் 'கலிலியோ எந்தப் பக்கம்?' என்று பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார். 'வலப்பக்கம்' என்று சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கலிலியோவின் வாதம் இது: கனமான கல் வேகமாகவும் லேசான கல் மெதுவாகவும் விழும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டால்? மெதுவான கல் மற்றதைப் பின்னுக்கு இழுக்கும், வேகம் குறைய வேண்டும். ஆனால் சேர்த்துக் கட்டியதால் எடை கூடிவிட்டதே, வேகமும் கூட வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்க முடியாது. ஒரு கல்லைக்கூடக் கீழே போடாமல் அரிஸ்டாட்டிலின் கருத்தை உடைத்தாகிவிட்டது. டெக்கார்ட் பக்கத்து ஆட்களுக்கு இது கொண்டாட்டம்தான். ஆனால் அதே கலிலியோதான் சாய்பலகையில் பந்தை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று அந்தப் பலகையில்தான் சரிபார்த்தார்.

கோட்பாட்டு இயற்பியலாளர் டிராக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் எலக்ட்ரானுக்காக அவர் எழுதிய சமன்பாட்டிலிருந்து எதிர்மறை ஆற்றல் கொண்ட தீர்வுகள் வந்து விழுந்தன. முதலில் அவற்றைப் புரோட்டானோடு பொருத்திப் பார்த்தார். ஒத்துவரவில்லை. 1931இல், இது புதுத் துகளாக இருக்க வேண்டும் என்றார். 1932இல் ஆண்டர்சனின் முகில் அறைப் படத்தில் (துகள்களின் தடத்தைக் காட்டும் கருவி அது) எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானின் தடம் விழுந்தது. இவரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

யார் காகிதத்தில் வேலை செய்கிறார், யார் ஆய்வகத்தில் என்பது இரண்டு வாதங்களுக்கும் இடையிலான சண்டையே இல்லை. ஒரு கூற்றை அறிவு என்று ஏற்க எது ஆதாரம் என்பதுதான் சண்டை. வேலைப் பிரிவினையை ஆதாரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு நாற்பது பக்கத்தை வீணடித்தேன். இன்னும் ஆறவில்லை. கட்டுக்கோப்பான அறிவுக் கோட்பாட்டாளரின் கண்ணுக்கு விஞ்ஞானி ஒரு சந்தர்ப்பவாதியாகத்தான் தெரிவார் என்று ஐன்ஸ்டைனே 1949இல் எழுதியிருக்கிறார். அதை முன்பே படித்துத் தொலைத்திருக்கலாம்.

'பகுத்தறிவு' என்ற சொல்லில் வழுக்குவது

தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் கடவுள் மறுப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது. பகுத்தறிவுவாதியான டெக்கார்ட் கடவுள் இருப்பதை நிரூபிக்க முயன்றவர். அற்புதங்களைக் கேள்வி கேட்ட ஹியூமோ அனுபவவாதி.

வைசேஷிக அணுவும் டால்டனின் அணுவும் ஒன்று என்பது

முன்னது பழைய இந்தியத் தத்துவப் பள்ளி ஒன்றின் அணு, பின்னது வேதியியலாளரின் அணு. சொல் ஒன்று. அவ்வளவுதான்.

குவாண்டமும் மாயையும்

இரண்டும் ஒன்றே என்று எழுதுவதா? தயவுசெய்து வேண்டாம்.

ஒரு முரண் வந்ததும் கோட்பாட்டைப் புதைப்பது

அறிவியல் கோட்பாடு பொய்ப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற தத்துவவாதி பாப்பரைப் புதிதாகப் படித்தவர்களுக்கு வரும் வியாதி இது. பாப்பரே அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடவில்லை. யுரேனஸ் நியூட்டனின் கணக்குக்கு அடங்காமல் நகர்ந்தபோது, பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே நியூட்டனைக் கைவிடவில்லை. கண்ணில் படாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று கணக்குப் போட்டார். 1846இல் பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்ப, நெப்டியூன் அங்கே இருந்தது. புதனின் பாதையும் சரியாக வராதபோது லெவெரியே அதே உத்தியைக் கையாண்டார். வல்கன் என்ற கோளைத் தேடினார்கள், தேடினார்கள், கிடைக்கவேயில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் புதனின் பாதை நகர்வில் கணக்குக்கு வராமல் நின்ற, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) என்ற மிச்சத்தைத் தீர்த்தது. இரண்டு முறையும் முரண் ஒரே மாதிரிதான். ஒன்றில் புதுக் கோள் வந்தது, மற்றதில் நியூட்டன் போனார். பாப்பரை மேற்கோள் காட்டுகிறவர்கள் யுரேனஸையும் புதனையும் சேர்த்தே கொண்டுவரட்டும்.