யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகும் பட்டாளத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் என்று வழி திறந்த பிறகு, 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக யாழ்ப்பாணம் போக ஆரம்பித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அறுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். கால் ஓடும்போதே அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. நானும் அந்தப் படையில் இருந்தவன்தான். கூட இருந்தவர்களை அழைத்துக்கொண்டு போய் வருகிறவன். முதலில் போன எங்கள் செட்டு செய்த தப்புகளையே இப்போது போகிறவர்களும் அச்சு மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விசா, பணம் மாற்றுவது, சுகர் மாத்திரை எடுத்துப் போவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தேதி பார்க்காமல் டிக்கெட் போடுவது

பலர் தீபாவளியை ஒட்டிப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு, டிக்கெட்டும் முன்கூட்டியே போட்டுவிடலாம். ஆனால் 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்தது. டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். நாமும் விடுதலைப் புலிகளும் சுட்டுக்கொண்டதில் நடுவில் மாட்டியவர்கள் என்று நம் தரப்பு சொன்னது. உள்ளே இருந்து உயிர் தப்பியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் படங்களுக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிறார்கள்.

அதே அக்டோபரில்தான் நம் துக்கமும் இருக்கிறது. 11-ஆம் தேதி இரவு பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்த மண்ணைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதே நாட்களில், அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கொக்குவில் பிரம்படியில் ஊர் மக்கள் நம் படையால் கொல்லப்பட்டார்கள். நீங்கள் பூ வைக்க நினைக்கும் நாளில் அந்த ஒழுங்கையில் (சந்தில்) இருப்பவர்களும் பூ வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மாதம் தள்ளிப் போனால் உங்கள் துக்கம் ஒன்றும் குறைந்துவிடாது.

மற்ற தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 2: 1989-இல் வல்வெட்டித்துறையில் ஐம்பது பேருக்கு மேல் கொல்லப்பட்ட நாள். செப்டம்பர் 15 முதல் 26 வரை: 1987-இல் நல்லூரில் புலிகளின் திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்து இறந்த நாட்கள். அந்த உண்ணாவிரதத்தின் கோரிக்கைகள் இந்தியாவிடம்தான் வைக்கப்பட்டன. அப்புறம் நவம்பர் 27 (மாவீரர் நாள்), மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்). பிப்ரவரி, மார்ச்சில் போங்கள்.

ரெஜிமென்ட் தொப்பி, பேட்ஜ், கேமோ சட்டை

வீட்டிலேயே இருக்கட்டும்.

பழைய போஸ்ட் இருந்த வீட்டுக் கதவைத் தட்டுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

நாம் யாழ்ப்பாணத்தில் கூடாரம் போட்டு இருந்தது குறைவு. போஸ்ட் என்றால் பெரும்பாலும் யாருடைய வீடோதான். நல்ல மதில், மாடி, பின்னால் கிணறு இருக்கும் வீடாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம். வீட்டுக்காரர்கள் நல்லூர் கோயிலிலும் பள்ளிக்கூடங்களிலும் அகதியாகக் கிடந்தார்கள். இருபது வயதில் ஒன்றரை வருடம் தூங்கி எழுந்த இடம் என்பதால் நம் ஆட்களுக்கு அந்த வீட்டின்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. கிணற்றடி, மாமரம், மொட்டை மாடியில் மணல் மூட்டை வைத்த மூலை எல்லாம் கண்ணை மூடினால் வருகிறது. அதனால் போன முதல் நாளே, ‘அந்த வீட்டைக் கண்டுபிடி’ என்கிறார்கள்.

வடக்கத்திக்காரர் ஒருவர், சுபேதாராக ரிட்டயர் ஆனவர், என்னோடு வந்தார். ஓட்டோக்காரத் தம்பி அந்தப் பக்கத்து ஆள், ஒழுங்கையைக் கண்டுபிடித்துவிட்டார். வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொல்வதற்குள் சுபேதார் படலையைத் திறந்து உள்ளே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போனார். அங்கே கிணற்றுச் சுவரில் அவருடைய செக்‌ஷன் எண்ணைக் கொத்தி வைத்திருந்தாராம். அது இருக்கிறதா என்று குனிந்து தேடினார். சத்தம் கேட்டு எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா வெளியே வந்தார். நான் வணக்கம் சொல்லி, விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்றார்.

பனங்கட்டியோடு தேநீர் வந்தது. சுபேதாருக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேள்” என்றார். கேட்க வேண்டாம் என்று இந்தியில் சொன்னேன், விடவில்லை. கேட்டேன்.

“எல்லாரும் ஒரே உடுப்புத்தானே தம்பி. முகம் ஆர் பாத்தது?” என்றார் அந்த அம்மா.

நாங்கள் இருந்த நேரம் முழுக்க அவர் உட்காரவில்லை. கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, படலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். சுபேதார் அதைக் கவனிக்கவே இல்லை. கிளம்பும்போது அவரைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்தார். அன்று ராத்திரியே ரெஜிமென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார், ‘இவ்வளவு வருடம் கழித்தும் நம்மை அன்போடு வரவேற்கிறார்கள்’ என்று இந்தியில் எழுதி.

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றி, டொரன்டோவில் இருக்கும் அந்த அம்மாவின் மகன் கைக்குப் போனது. இதெல்லாம் பிறகு ஓட்டோத் தம்பி போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் கணவர் 1988-இல் ஒரு சுற்றிவளைப்பில், முகமூடி போட்டு ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி தலையை ஆட்டியதால் நம் ஆட்களால் பிடித்துப் போகப்பட்டவர். உயிரோடுதான் திரும்பினார். ஆனால் சாகும்வரை வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கியதில்லை. “அப்பாவை அடித்தவனுக்கு ஏன் தேத்தண்ணி கொடுத்தாய்?” என்று மகன் போனில் கத்தினாராம். அக்கம்பக்கத்தில் பேச்சு. சிவில் உடையில் இரண்டு பேர் வந்து, வந்த இந்தியர்கள் யார், என்ன கேட்டார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்களாம். கடைசியில் தம்பி சொன்னார்: “அண்ணை, இனி அந்த ஒழுங்கைக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ.”

சுபேதார் கெட்டவர் இல்லை. அவருக்கு அங்கே இரண்டு நண்பர்கள் செத்திருக்கிறார்கள். ஆனால் வாசலுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. அந்த மரியாதையை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு நாம் விமானம் ஏறிவிடுகிறோம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய வேலை, தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவின் தலையில் விழுகிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், ‘என் விஷயம் வேற, எங்க போஸ்ட்ல நாங்க நல்லாத்தான் இருந்தோம்’ என்றுதான் பதில் வருகிறது. நீங்கள் நல்லவராக இருந்திருக்கலாம். உங்களுக்குப் பிறகு அந்தப் போஸ்டுக்கு வந்த யூனிட் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தெரியும்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால், அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக முன்கூட்டியே கேளுங்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், பங்குத்தந்தை, கோயில் தர்மகர்த்தா யாராவது இருப்பார்கள். நீங்கள் யார் என்பதைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ‘வேண்டாம்’ என்றாலோ, பதிலே வரவில்லை என்றாலோ, அந்த ஒழுங்கைப் பக்கமே போகாதீர்கள். வரச் சொன்னால் சட்டையில் பேனாவைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போங்கள். போன் ஓட்டோவில் இருக்கட்டும். அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “முந்தி வந்தனீங்களோ?” என்று கடையிலோ பஸ்ஸிலோ யாராவது கேட்டாலும் இதேதான்: ஆமாம் என்று உண்மையைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘நாமெல்லாம் தமிழர்தானே’ என்று ஆரம்பிப்பது

தமிழ்நாட்டுப் பட்டாளத்துக்காரர்கள் மட்டும் செய்யும் தவறு. 1987 ஆகஸ்டில் அந்த மக்கள் நமக்கு மாலை போட்டதே நம்மை அப்படி நினைத்துத்தான். சோதனைச் சாவடியில் தமிழில் பேசிய சிப்பாயிடம் அவர்கள் கூடுதலாக எதிர்பார்த்தார்கள். அந்த ஏமாற்றம் இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போவது

இன்றும் ஓடுகிற ஆஸ்பத்திரி அது. வேண்டாம்.

ஞாபகத்தை நம்பிக் காட்டுக்குள் இறங்குவது

‘இந்த வழியில் பேட்ரோல் போயிருக்கிறேன்’ என்று ஒருவர் முகமாலைப் பக்கம் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, பனங்காட்டுக்குள் நடக்கப் பார்த்தார். நாம் 1990 மார்ச்சில் கிளம்பிய பிறகு அங்கே இன்னும் 19 வருடம் போர் நடந்திருக்கிறது. முகமாலை வருடக்கணக்காக முன்னரங்கக் கோடாக இருந்த இடம், மிதிவெடி நெருக்கமாகப் புதைத்த இடம். ஹாலோ டிரஸ்ட் போன்றவர்கள் பெண்களை வேலைக்கு வைத்து அங்குலம் அங்குலமாகக் கிளறி எடுத்து வருகிறார்கள். சிவப்புப் பலகையில் மண்டை ஓடு இருந்தால் அதற்கப்பால் கால் வைக்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும், ஆள் நடமாட்டம் தெரியாத காணிக்குள் இறங்காதீர்கள்.

முன்சொல்லாமல் நினைவுத்தூணுக்குப் போவது

இலங்கையில் நம் தரப்பில் சுமார் 1,200 பேர் செத்தார்கள். அவர்களுக்கு அழ நமக்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடம் இருக்கிறது. பலாலித் தூண் ராணுவ வளாகத்துக்குள் இருப்பதால் கேட்டில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு, கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே, டிஸ்சார்ஜ் புக் நகலோடு எழுதுங்கள். கொழும்புப் பக்கம் போகிறவர்களுக்குச் சுலபமானது, நாடாளுமன்றத்துக்கு அருகே பத்தரமுல்லையில் இருக்கும் நினைவிடம். பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரை மட்டும் தேடிவிட்டு வராமல், உங்கள் கம்பெனியில் செத்த பையன்களின் பெயரைப் பட்டியலாக எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனால் பாதிப் பெயர் நினைவுக்கு வராது.

மகனுக்கு அங்கே வைத்துக் கதை சொல்வது

மகனையோ பேரனையோ கூட்டிப் போகிறவர்கள், ‘இங்கேதான்டா நாங்க பதுங்கியிருந்தோம், அங்கேயிருந்துதான் சுட்டாங்க’ என்று தெருவில் நின்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தமிழ் புரியும். சொல்ல வேண்டியதை ஊரிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். ஆஸ்பத்திரி, பிரம்படி, வல்வெட்டித்துறை எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே போய் யாரோ சொல்லி அவன் முதல்முறையாகக் கேள்விப்படக் கூடாது.