கொசு இனம் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த ஒருவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்த ஐந்தாவது விநாடியில் தீர்ப்புச் சொன்னார்: "ஏடிஸ் எஜிப்டை." டெங்கு பரப்பும் கொசுவின் பெயர் அது. சிரிப்பு வரவில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண் பெண் குழப்பம், லேபிள் ஒட்ட மறப்பது போன்றவை நாளடைவில் தாமாகவே சரியாகிவிடும். நாள் போகப்போக ஊறிவிடும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

காலில் வெள்ளை வளையம்

எஜிப்டைக்கும் உண்டு, அதன் நெருங்கிய உறவான அல்போபிக்டஸுக்கும் உண்டு. அடுத்து.

முதுகை மட்டும் நம்புவது

மார்பின் மேல் யாழ் வடிவ வெள்ளைக் கோடுகள் இருந்தால் எஜிப்டை, நடுவே ஒற்றைக் கோடு என்றால் அல்போபிக்டஸ். படத்தில் பளிச்சென்று தெரியும். பொறியின் விசிறியில் அடிபட்டு வந்த கொசுவுக்கோ செதில் உதிர்ந்து முதுகு வழுக்கையாகியிருக்கும். அப்போது முகத்தைப் பாருங்கள். உறிஞ்சுகுழலுக்கு மேலே உள்ள சிறு தட்டில் வெள்ளைச் செதில்கள் இருந்தால் எஜிப்டை. வெறும் கறுப்பாக இருந்தால் அல்போபிக்டஸ்.

பழைய திறவுகோல்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். இனங்காணும் திறவுகோல் என்பது அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு இனப்பெயருக்கு இட்டுச்செல்லும் கேள்விப்பட்டியல். அதற்குத் "தெரியாது" என்று சொல்லத் தெரியாது. அதில் இல்லாத இனத்தைக் கொடுத்தாலும், உள்ளதில் நெருங்கிய ஒரு பெயரை நீட்டிவிடும்.

ஆப்பிரிக்காவில் பிடித்த, மலேரியா பரப்பும் வகையான அனோபிலிஸ் கொசுக்களின் பெட்டி ஒன்று என்னிடம் வந்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய திறவுகோலை விரித்து, படிப்படியாக இறங்கி, எல்லாவற்றுக்கும் காம்பியே குழு (பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ஆப்பிரிக்க அனோபிலிஸ் இனங்களின் கூட்டம்) என்று எழுதினேன். சிலவற்றின் வாய் உணரிகளில், பட்டைகளுக்கு இடையே வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருந்தன. தூசி என்று தள்ளிவிட்டேன். காம்பியே குழுவின் டிஎன்ஏவைக் கண்டறியும் பிசிஆர் சோதனையில் அவை மட்டும் ஜெல்லில் டிஎன்ஏ பட்டையே காட்டவில்லை. வேதிப்பொருளைக் குறை சொன்னோம், மறுபடி ஓட்டினோம், மூன்றாம் முறையும் வெறும் ஜெல். கடைசியில் மரபணு வரிசையைப் படித்தபோது வந்த பெயர் ஸ்டீஃபென்சி.

தெற்காசியாவிலும் வளைகுடாப் பகுதியிலும் வாழ்ந்த இந்தக் கொசு 2012இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தலைகாட்டியது. அதற்கு முந்தைய ஆப்பிரிக்கத் திறவுகோலில் இதற்கு ஏது இடம்? காம்பியே வெயில்படும் சிறு குட்டைகளில் பெருகும். ஸ்டீஃபென்சி நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் பெருகும். பெயர் மாறிப்போனால், தொட்டியில் புழு நெளியும்போது ஆட்கள் குட்டையில் மருந்து தெளித்துக்கொண்டிருப்பார்கள்.

காம்பியேவா, அராபியன்சிஸா?

இரண்டும் அதே காம்பியே குழுவின் இனங்கள். கண்ணால் பிரிக்க முடியாது. முயலவும் வேண்டாம்.

முழுக் கொசுவையும் அரைப்பது

டிஎன்ஏ எடுக்க ஒற்றைக் கால் போதும்; உடலை ஊசியில் குத்தி வையுங்கள். அந்தப் பிசிஆரில் பட்டை காட்டாதவற்றைப் பெரும்பாலும் நான் முழுதாகவே அரைத்துவிட்டிருந்தேன். சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தபோது மிஞ்சியவை நான்கே கொசுக்கள். அவற்றின் வாய் உணரிகளில் அந்தத் "தூசி" இன்னும் இருக்கிறது.