நகர, கிராமச் சிறார் நீரிழிவு விகிதங்களை ஒப்பிட்டுப் படிக்கும் முறை

முதல் வகை நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரப்பே ஏறத்தாழ நின்றுபோகும் வகை) நகரக் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது என்று ஓர் அறிக்கை கூறினால், அந்த எண் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்பட்டோரைக் குறிக்கிறதா, நோயுடன் வாழ்வோர் அனைவரையும் குறிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஹரியானாவின் கர்னால் மாவட்டத்தைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், லட்சம் பேருக்கு நகரத்தில் 26.6, கிராமத்தில் 4.27 என்று காணப்படுவது நோயுடன் வாழ்வோரின் கணக்கு; அதில் பெரியவர்களும் அடக்கம்.

இத்தகைய கணக்கில் உயிர் பிழைத்தவர்கள் மட்டுமே இடம்பெறுவார்கள். இன்சுலின் கிடைக்காமலோ, கீட்டோ அமில மயக்கத்தை (இன்சுலின் இன்றி இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும் நிலை) ஏதோ காய்ச்சல் என்று கருதியதாலோ இறந்துபோன கிராமத்துக் குழந்தை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவே ஏறத்தாழ ஆறு மடங்கு வேறுபாட்டை நகர வாழ்க்கையின் விளைவென்று உடனே கொள்வது அவசரம் என்றே சொல்வேன்.

அடுத்து, ஊர் எவ்வாறு குறிக்கப்பட்டது என்று கவனியுங்கள்: சிகிச்சை பெறும் மருத்துவமனையை வைத்தா, நோய் தொடங்கியபோது குடியிருந்த இடத்தை வைத்தா? வயது வரம்பும் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். மருத்துவமனைப் பட்டியலைப் பள்ளி, மருந்துக்கடை போன்ற இன்னொரு தனி மூலத்துடன் ஒப்பிட்டு, விடுபட்டோரை மதிப்பிட்டிருந்தால் அந்த ஆய்வைக் கூடுதலாக நம்பலாம். குழந்தைகள் குறைவாக உள்ள பகுதியில் ஓரிருவர் கூடினாலே விகிதம் தாவிவிடும் என்பதால், பல ஆண்டுகளைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.