காட்டு முள்ளங்கியா, காட்டுக் கடுகா?

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வயலோரத்தில் நாலு இதழோடு வெளிர்மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பது காட்டு முள்ளங்கியா, காட்டுக் கடுகா? பூவைக் கிட்டத்தில் பாருங்கள். இதழ்களில் கருநரம்பு ஓடி, பூவுக்கு அடியில் இருக்கும் புல்லி இதழ்கள் நிமிர்ந்து ஒட்டி நின்றால் பெரும்பாலும் காட்டு முள்ளங்கி. கடுகில் அவை விரிந்து நிற்கும். காய் வந்துவிட்டால் சந்தேகமே இல்லை: காட்டு முள்ளங்கிக் காய் விதைக்கு விதை இடுங்கி மணிமாலை போல இருக்கும், முற்றினால் கடுகுபோல நீளவாக்கில் வெடிக்காமல் துண்டு துண்டாக உடையும். அந்தத் துண்டுகள் கோதுமை மணியளவே இருப்பதால், அறுவடையில் கோதுமையோடு கலந்துவிட்டால் சலித்துப் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே காய்க்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் காட்டு முள்ளங்கிக்கு வைத்த அறிவியல் பெயர் ராஃபனஸ் ராஃபனிஸ்ட்ரம். முன்பாதியை 'சீக்கிரம் தோன்றுவது' என்ற கிரேக்கப் பொருளோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். முள்ளங்கி முளைக்கும் வேகத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது. பின்பாதி 'முள்ளங்கி மாதிரி' என்பதுதான். மாதிரிதான், கிழங்கை எதிர்பார்க்காதீர்கள்! வேர் ஒல்லி, நார். இளந்தழையும் பிஞ்சுக் காயும் காரசாரமாக இருக்கும், சாப்பிடலாம். களைக்கொல்லி அடித்த வயல் என்றால் மட்டும் தொடவே வேண்டாம்.