மும்பையில் நிற்கும் பத்மினியைக் கோவையில் இருந்தபடியே சோதித்து வாங்குவது எப்படி?

பழைய பிரீமியர் பத்மினி கார் தேடத் தொடங்கினால் சீக்கிரமே மும்பை, புனே பக்கம் போய் நிற்பீர்கள். மும்பை குர்லா ஆலையில் பிறந்த கார், வேறெங்கே இருக்கும்? என் முதல் பத்மினியைப் படத்தை மட்டும் நம்பித்தான் வாங்கினேன். பளபளவென்று வந்து இறங்கியது, டிரைவர் சீட்டுக்குக் கீழே ரப்பர் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. இரண்டாவதற்கு ஆள் வைத்துப் பார்த்து வாங்கினேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் படி காகிதம், இதற்கு வீட்டை விட்டு நகர வேண்டாம். ஆர்.சி.யின், அதாவது பதிவுச் சான்றின், இரண்டு பக்கமும் படம் கேளுங்கள், வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, எரிபொருள், வண்டி வகை எல்லாம் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். பத்மினி தயாரிப்பு நின்றே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆகவே எந்தப் பத்மினியும் 15 வருடம் தாண்டியதுதான், 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். காலாவதி ஆகியிருந்தால் விற்பவரே புதுப்பித்துத் தரட்டும், "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகமாக இருந்து ஆன்லைனில் விவரமே வரவில்லை என்றால், விற்பவருடைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் வேலை, செய்ய வேண்டும். அதுவும் அவர் வேலை.

அடுத்தது ஆள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விற்பவர் கைகாட்டும் மெக்கானிக் வேண்டாம், தாராவியில் இருக்கும் மாமாவும் வேண்டாம் (மாமா வீடியோ எடுக்க உதவுவார், அவ்வளவுதான்). ஃபியட் (பத்மினியின் பழைய பெயர் அதுதான்) வேலையே பார்த்துப் பழகிய வயதான மெக்கானிக் ஒருவர் வேண்டும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய பாகம் விற்பவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த ஊரில் ஏற்கெனவே பத்மினி வைத்திருப்பவரிடம் யாரிடம் வேலை விடுகிறார் என்று கேளுங்கள். கூலியைப் பேசும்போதே, வண்டி வேண்டாம் என்று முடிவானாலும் முழுக்கூலி உண்டு, வாங்கினால் தனியாகக் கமிஷன் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். வியாபாரம் முடிந்தால்தான் காசு என்றால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

சரி, ஆள் போய்விட்டார். எதைப் பார்க்கச் சொல்வது? எஞ்சினை அல்ல, முதலில் துரு. பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அலைந்தால் பாகமும் தேறும். தரையும் கதவுக்கடிப் பெட்டியும் இற்றுப்போன வண்டிக்கு டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டும். அதிலும் மும்பை கடல்காற்றும் மழையும் பட்ட இரும்பு. மேட்டை எல்லாம் எடுத்துவிட்டுத் தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, சக்கர வளைவுகள், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் இடம், பின்னால் கட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், மாட்டியிருக்கும் இடம், இத்தனையையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஒட்டும் மெல்லிய காந்தம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், துருவை மறைக்கக் கனமாகப் பட்டி (பூச்சுப் பசை) அப்பிய இடத்தில் வழுக்கி விழும். விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும், தகடு 'டங்' என்னும், பட்டி 'தொப்' என்னும்.

மும்பை வண்டிக்கு மட்டும் உரிய சோதனை ஒன்று உண்டு. கதவின் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் உரித்து, டிக்கியின் உள்மூலையையும் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்போ மஞ்சளோ எட்டிப் பார்த்தால் அது டாக்ஸியாக ஓடியிருக்கலாம். அங்கே கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது. டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் மாட்டிய ஓட்டைகளும் காட்டிக்கொடுக்கும். டாக்ஸியாக இருந்ததில் தப்பில்லை, ஆர்.சி.யில் சொந்த உபயோகத்துக்கு முறையாக மாற்றியிருக்க வேண்டும், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

அப்புறம் எஞ்சின், 1089 சி.சி., நான்கு சிலிண்டர். போய் இறங்கியதும் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் நமக்காகத்தான் ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள், ஆறும்வரை டீ குடிக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது புகைக்குழாயை வீடியோ எடுக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, நிற்காத வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது, கறுப்பு பெரும்பாலும் கார்புரேட்டர் வேலை, பயமில்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் டீ மாதிரி இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். கம்ப்ரஷன் கேஜ் கொண்டுபோகச் சொல்லுங்கள், நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும், ஒன்று மட்டும் தனியாக இறங்கினால் வேலை இருக்கிறது. ஓட்டும்போது கியர் நழுவுகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனித்தால் போதும்.

கிளம்புமுன் சேஸிஸ் எண், எஞ்சின் எண் மேல் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து வரட்டும். ஆர்.டி.ஓ.வில் கேட்கும் அதே பென்சில் அச்சுதான். எண்ணில் சுரண்டல், வெல்டிங் தடம் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

எல்லாம் தேறினால் சின்ன முன்பணம் மட்டும் கொடுங்கள். படிவம் 28-இல் வாங்கிய என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்னும் ஆர்.டி.ஓ. சான்று), பெயர் மாற்றத்துக்கான கையெழுத்திட்ட படிவம் 29, 30-உம் நம் ஆள் கையில் வந்தபிறகு மீதி. வண்டியை ஓட்டி வரும் ஆசையை அடக்கிக்கொண்டு லாரியில் ஏற்றுங்கள். ஏற்றும்போது அதே மெக்கானிக்கை நிற்கவைத்து டிக்கி, ஜாக்கி, பேட்டரி, சக்கரம் எல்லாம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது பத்மினியின் ஸ்டெப்னி எங்கே இறங்கிக்கொண்டது என்று இன்றுவரை தெரியவில்லை.